மூலவரின் கைரேகை

மாத்திரை கண்ணாடிப் பெட்டிக்குள் கண்ணெதிரே இருந்தது. நோயைக் கொடுத்தவர் யாரென்று தெரியாமல் பெட்டி திறக்காது. மூலச் சட்டம் அப்படி.

"எவன்கிட்ட வாங்கிட்டு வந்தாளோ, இன்னைக்குத் தெரிஞ்சிரும்" என்றாள் சொர்ணத்தாய். ஆஸ்பத்திரி அறையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழ வேண்டும் என்றுதான் அந்தக் குரல்.

அவளுடைய மருமகள் மகிழ்விழிக்கு ஏழாம் மாதம். பிறப்புறுப்பில் அக்கி, ஹெர்பிஸ் என்கிறார்களே அது, அதுவும் முதல் முறை. உடனே மாத்திரை கொடுத்து அடக்காவிட்டால் குறைமாதத்திலேயே வலி எடுக்கலாம் என்று டாக்டர் வகிதா பானு எச்சரித்திருந்தார். மகிழ்விழி வயிற்றைப் பிடித்தபடி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிருமி ஆள் மாறும்போதெல்லாம் அதன் மரபணு எழுத்தில் சின்னச் சின்னப் பிழைகள் சேரும். அந்தப் பிழைகளைப் பின்னோக்கிப் படித்து, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்லும் கருவி தடங்காட்டி. தடத்தின் முதல் ஆளுக்கு 'மூலவர்' என்று பெயர். கருவறைச் சாமியின் பெயரை இதற்குப் போய் வைத்த அதிகாரி நன்றாக இருக்கட்டும்! மூலவர் கைரேகை வைத்து ஒப்புக்கொண்டால்தான் மருந்து. நோயை அடியோடு ஒழிக்கிறார்களாம்.

"எங்க வீட்டு ஆளுங்க எச்சில எடுத்துப் பாருங்க. நாங்க சுத்தம்னு ஊரே பாக்கட்டும்" என்று சொர்ணத்தாயே முதலில் வாயைத் திறந்தாள். அவள் மகன் இளவேந்தன் அடுத்துக் கொடுத்தான்.

தடங்காட்டி முனகியது. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தது: "மகிழ்விழிக்குக் கொடுத்தவர் இளவேந்தன். இளவேந்தனுக்குக் கொடுத்தவர் சொர்ணத்தாய். மூலவர், சொர்ணத்தாய்."

யாரோ சிரித்துவிட்டார்கள்.

"அம்மா, உங்க உதட்டோரத்துல அடிக்கடி வருதே, அது சூட்டுக் கொப்புளம் இல்ல, இதே அக்கிதான்" என்றார் டாக்டர். "மகன் குழந்தையா இருந்தப்ப நீங்க கொடுத்த முத்தத்துல போயிருக்கும். அவர் வாயிலேருந்து இவங்களுக்கு. இதுல யார் மேலயும் தப்பில்ல."

"ச்சீ, நிறுத்து! பெத்த தாயைப் பாத்து என்ன பேச்சு பேசுற?"

"அத்தை, கைரேகை மட்டும் வைங்க. பிள்ளைக்காக" என்று மகிழ்விழி அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

"ஊரு சிரிக்கவா? மெஷினு பொய் சொல்லுது. கையை எடுடி!"

"நீங்களாவது சொல்லுங்களேன்" என்று கணவனைப் பார்த்தாள். "அம்மாவுக்குப் பிடிக்கலன்னா..." என்று இழுத்துவிட்டு அவன் தரையைப் பார்த்தான். இவனை நம்பி ஒருத்தி பிள்ளை சுமக்கிறாள்!

டாக்டர் பெட்டியை ஓங்கித் தட்டினார். அது அசையவில்லை. நாட்டில் எல்லா மருந்துக்கடைகளிலும் அதே பூட்டுதான்.

மூன்று வாரத்தில் பனிக்குடம் உடைந்தது. புண் ஆறாததால் அறுவை செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். உள்ளங்கை அகலத்துக்கு மார்பு, பூனைக்குட்டியின் குரல். ஆனாலும் உயிரோடு இருந்தான். மகிழ்விழி அவன் படுத்திருந்த கண்ணாடித் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே கட்டில் போடச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் சொர்ணத்தாய் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. உதட்டோரத்தில் புதிதாகக் கொப்புளம் கிளம்பியிருந்தது. கதவருகே நின்ற காவல்கருவி அவள் முகத்தைப் படித்தது.

"சொர்ணத்தாய். மூலவராக ஒப்புக்கொள்ளவில்லை. எனவே தொற்றற்றவர். உள்ளே வரலாம்."

தொட்டிலின் மூடி தானாகத் திறந்தது.

"அத்தை, வேணாம்! வாயில புண்ணு இருக்கு. இவனுக்கு ஒட்டுச்சுன்னா உசுரு தங்காது!" மகிழ்விழி தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து குறுக்கே நின்றாள்.

"என் பேரனைக் கொஞ்ச உன்கிட்ட அனுமதி கேக்கணுமா?"

மகிழ்விழி தொட்டில் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "டாக்டர்! யாராவது வாங்களேன்!"

காவல்கருவிதான் வந்தது. அதன் இரும்புக் கை மகிழ்விழியின் தோளை மெதுவாகப் பற்றியது.

"நீங்கள் பதிவு பெற்ற தொற்றாளர். குழந்தையின் பாதுகாப்புக்காக, அவருக்கு வழிவிட்டு விலகி நில்லுங்கள்."