கூப்பிடாமல் வருகிற பிபேக்

இங்கிலீஷ் புத்தகத்தில் பிபேக் கிடையாதாம். அதனால் என் வேஷம் போச்சு.

எங்கள் தம்லுக் பள்ளி ஆண்டு விழாவுக்காக, நிர்மால்ய சார் ஒரு பழைய ஆங்கில நாடகத்தை வங்காள மொழியில் எழுதி, ஜாத்ரா கூத்தாக ஆக்கியிருந்தார். தம்பியின் நாட்டைத் திருடுகிற ராஜாவின் கதை. என் வகுப்பு அர்க்கோதான் ராஜா. ஜோனாகியாகிய நான் பிபேக்.

ஜாத்ராவில் யாராவது தப்புச் செய்யப் போனால் பிபேக் வருவார். அவர்தான் அந்த ஆளின் மனசாட்சி. கூட்டத்தின் நடுவே வெறுங்காலோடு நடந்து வந்து, “இது சரியா?” என்று பாட்டிலேயே கேட்டுவிட்டுப் போவார். யாரும் கூப்பிட வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அர்க்கோ சாரிடம் போனான். நான் பாடும்போதெல்லாம் அவன் சும்மா நிற்க வேண்டியிருக்கிறதாம். சார் புத்தகத்தைப் புரட்டினார்.

“மூலத்துல இப்படி ஒரு ஆளே இல்லையேம்மா,” என்றார்.

“மூலத்துல நம்ம ஜாத்ரா கிளாரினெட்டும் இல்லையே சார். அது மட்டும் இருக்கலாமா?”

சார் சிரித்தார். ஆனால் வெட்டியது வெட்டியதுதான். பத்து நாள் தொண்டை கட்டும்வரை பாடிப் பழகியவள் நான். வீட்டுக்குப் போய்ப் பூனைக்குப் பாடச் சொல்லி அர்க்கோ கிண்டல் வேறு செய்தான்.

விழா அன்று பிபேக்கின் காவி அங்கியைப் பிடிவாதமாகப் போட்டுக்கொண்டேன்.

“நீதான் நடிக்கலையே, எதுக்குடி இது?” என்றாள் அம்மா.

“பிபேக்க யாரும் வெட்ட முடியாதும்மா.”

அம்மா அங்கி மேல் ஒரு சால்வையைப் போர்த்திவிட்டாள்.

மேடையின் நான்கு பக்கமும் ஜனங்கள். ஜாத்ராவில் வசனம் எடுத்துக் கொடுப்பவர் வாத்தியக்காரர்களோடு எல்லோரும் பார்க்கவே உட்கார்ந்திருப்பார். அப்படி உட்காருவது இங்கிலீஷ் நாடகத்துக்கு அழகில்லை என்று சார் அவரை ஒளித்து வைத்துவிட்டார். நான்கு பக்கமும் திறந்த மேடையில் எங்கே ஒளிப்பது? முப்பது அடி தள்ளி, வேஷம் போடும் அறையில்!

மூன்றாவது காட்சியில் தம்பியைத் தண்டிக்க ராஜா வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. கிளாரினெட் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

நன்றாக வேண்டும் என்று முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அர்க்கோ வசனத்துக்காக வேஷம் போடும் அறைப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தான். முன்வரிசையில் அவனுடைய குட்டித் தங்கை அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் சால்வையை அம்மா மடியில் போட்டுவிட்டு நடந்தேன். பாடினேன்.

“ராஜா, சொந்தத் தம்பியையா
ஓட்டைப் படகில் ஏற்றுவாய்?
கொந்தளிக்கும் கடலிலா
கூசாமல் தள்ளுவாய்?”

அர்க்கோ என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் உயிர் வந்தது.

“ஆமாம்! தம்பியை ஓட்டைப் படகில் ஏற்றிக் கடலில் தள்ளுங்கள்!” என்று கர்ஜித்தான்.

ஒரே கைதட்டல். நாடகமே அப்படித்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் இன்னும் இரண்டு முறை மறந்தான். நான் இன்னும் இரண்டு முறை போனேன்.

நாடகம் முடிந்ததும் சார் தன் நோட்டில் மூன்று இடங்களில் “பிபேக் வருகிறார்” என்று எழுதினார். பென்சிலில் இல்லை, பேனாவில். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பாதி பிய்ந்த ஒட்டு மீசையோடு அர்க்கோ வந்தான். கையில் ஒரு சிங்காரா, அதாவது எங்கள் ஊர்ச் சமோசா, சூடாக.

“அடுத்த மாசம் மேளாவுல திரும்பப் போடுறோம். வருவியா?”

“நீ தப்புப் பண்ணா வருவேன்.”

அவன் சிங்காராவை உடைத்து, சின்னத் துண்டை என்னிடம் நீட்டினான். நான் பாடப்போவது போலத் தொண்டையைச் செருமினேன்.

பெரிய துண்டு என் கைக்கு வந்தது.