புல்லட்டின் வயிற்றுக்கட்டு

தையல் போட்ட மூன்றாம் நாள் மத்தியானம் புல்லட் வாலை ஆட்டியது, அதுவும் தாழ்ப்பாள் போட்டிருந்த தோட்டத்துக் கதவைப் பார்த்து. பூனை வந்தால் குரைக்கும், எலி ஓடினால் உறுமும், வீட்டு மனுஷர் வந்தால்தான் இப்படி இடுப்பே நெளிய வாலாட்டும். அந்த வீட்டில் கிருஷ்ணவேணியைத் தவிர இப்போது வேறு மனுஷர் கிடையாது. அவளோ நாயின் தலைமாட்டில் உட்கார்ந்து கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா அங்க? ஒண்ணும் இல்ல, படு" என்றாள்.

ஒரு இடத்தில் அடங்கிக் கிடக்கிற ஜென்மமா அது? ஒலக்கூர்க் கொல்லையில் காட்டுப்பன்றியைத் துரத்திக்கொண்டு போய் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. கோணியில் சுற்றி, கண்டக்டரோடு சண்டை போட்டு பஸ்ஸில் ஏற்றி, திண்டிவனத்து மாட்டாஸ்பத்திரியில் பதினோரு தையல் போட்டுக் கூட்டிவந்தாள். பத்து நாளைக்கு ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, தையல் விட்டால் குடல் வெளியே வந்துவிடும், பிறகு தன்னாலும் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கட்டு காயத்தோடு ஒட்டிக்கொள்ளும், அவரே வந்து பிரிக்கும்வரை யாரும் தொடக்கூடாது. எல்லாம் சரி, புல்லட்டுக்கு இதை யார் எடுத்துச் சொல்வது?

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கேப்பைக் கூழைத் தட்டில் மெல்லிசாகப் பூசிவைத்தால் நக்கி முடிக்க அரை மணி நேரம் ஆகும். கொட்டாங்கச்சிக்கு அடியில் கருவாட்டுத் துண்டை ஒளித்தால் மூக்காலேயே தள்ளித் தள்ளித் தேடும். வறுத்த மல்லாட்டைக் கடலையைச் சாக்குத் துணியில் முடிச்சு முடிச்சாகப் போட்டுக் கொடுத்தால் படுத்தபடியே பல்லால் அவிழ்க்கும். மல்லாட்டை பிடுங்குகிற ஐப்பசியில் வேலைக்கு வராமல் ஒரு பொம்பளை நாய்க்கு விளையாட்டுக் காட்டுகிறாளே என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டுமே, அவர்கள் வீட்டுக் கூழையா கேட்டாள்?

அன்று சாயங்காலம் மழை கட்டிக்கொண்டு பொழுதுக்கு முன்பே இருட்டியது. ஓட்டில் முதல் தூறல் விழுகிற சத்தத்துக்கு நடுவே, நனைந்த மண்வாசனைக்கு நடுவே, தோட்டத்துக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தொடையில் தட்டினார்கள். இரண்டு தட்டு. உள்ளங்கை முழுசாகப் பட்ட, சதையில் விழுந்த சத்தம்.

அவள் புருஷன் தாண்டவராயன் நாயை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தொடையில் இரண்டு தட்டு தட்டுவான், அது பறந்து போய் அவன்மேல் விழும். அவன் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகிறது.

புல்லட் எகிறியது. கிருஷ்ணவேணி அதன்மேல் விழுந்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். அது அடங்கியபோது கட்டின்மேல் ஐந்து பைசா அளவுக்கு ரத்தம் கசிந்திருந்தது.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு வீரம்மாள் நாயைப் பார்க்க வந்தாள். வந்தவள் கட்டின் பச்சைக் கரையைத்தான் பார்த்தாள்.

"இது இன்னா துணிடி?"

"வேட்டி. ஆஸ்பத்திரிக் கட்ட அன்னிக்கே கடிச்சித் துப்பிட்டுது. நீட்டுக்குக் கிழிச்சி சுத்தினேன்."

"யாரு வேட்டி?"

கிருஷ்ணவேணி கருவாட்டுத் துண்டைக் கொட்டாங்கச்சிக்கு அடியில் தள்ளினாள். கருமாதியன்று செத்தவன் துணி ஒன்றுவிடாமல் வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும். வெளுக்கிறவரிடம் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தபோது வீரம்மாளும் கூடவே நின்றிருந்தாள்.

"ஒண்ணு வச்சிக்கினேங்க்கா. பொங்கலுக்கு நான் எடுத்துக் குடுத்தது. ஒரு நாளுதான் கட்டினாரு."

"அடிப்பாவி. அவன் துணிய கேட்டு வந்து நிப்பான்டி. ஜல்தியா பிரிச்சிக் கொளுத்து."

"பிரிச்சா தையலோட வந்துடும். நாயி செத்துப்போவும்."

"போனா போவுது, நாயிதான?"

"அது போய்ட்டா எனக்கு யாருக்கா இருக்காங்க?" என்றாள். சொன்னதும் கோபம் வந்தது. "துணி கேக்கறவரு ஆறு நாளு பொறுத்து வரட்டும். தொவச்சே குடுக்கறேன்."

வீரம்மாள் மடியிலிருந்த விபூதிப் பொட்டலத்தை நிலைப்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மூன்று மணிக்கெல்லாம் வானம் கறுத்து, மழை பிடித்து, கரண்டும் போனது. புல்லட்டின் கழுத்துக் கயிற்றைத் தூணில் குட்டையாகக் கட்டி, முடிச்சுத் துணியை முன்னால் போட்டு, பக்கத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அது முடிச்சை அவிழ்க்கிற ஈரச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு மெல்ல தாண்டவராயனின் பீடி நாற்றம் வந்தது, அதோடு புதுசாகத் தோண்டின மண்ணின் நாற்றமும்.

தட்டு. இரண்டு. தோட்டத்துக் கதவுப் பக்கம்.

அவள் நாயின் காதுகளைப் பொத்தினாள்.

மறுபடி. ஜன்னல் பக்கம்.

மறுபடி. வீட்டுக்குள்ளே, நெல் குதிருக்குப் பின்னால்.

"இந்தாய்யா, கேட்டுக்க" என்றாள். குதிர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உசுரோட இருந்தப்ப நீ கேட்டதுக்கெல்லாம் இல்லன்னு சொன்னதில்ல. இப்ப சொல்றேன். குடுக்கமாட்டேன்."

சத்தம் நின்றது.

ரொம்ப நேரம் மழை மட்டும் பெய்தது.

புல்லட் மல்லாட்டையை விட்டுவிட்டுத் தன் வயிற்றைப் பார்த்தது. அவளும் பார்த்தாள். கட்டின் முடிச்சு அவிழ்ந்துகொண்டிருந்தது. நிதானமாக, பதமாக, ஒரு விரல் உள்ளே போய் நெம்புகிற மாதிரி. நுனி தரையில் விழுந்தது. குதிரின் இருட்டைப் பார்த்து நகர்ந்தது. ஒரு முழம். இரண்டு முழம். வயிற்றைச் சுற்றியிருந்தது சுற்றுச் சுற்றாகக் கழன்றது. காயத்தில் ஒட்டிய கடைசிச் சுற்று மட்டும் மிச்சம்.

எட்டிப் பிடித்தாள். ஒரு கையைக் காயத்தின்மேல் அழுத்தினாள். மறு கையில் துணியைச் சுற்றிக்கொண்டாள். இழுத்தாள்.

அந்தப் பக்கமும் இழுத்தது.

புல்லட் குரைக்கவில்லை. புது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ, வாலால் தரையை அடித்தது.

"விடமாட்டேன்."

கண் இருட்டுக்குப் பழகியது. குதிருக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், துணியின் அந்த முனை ஒன்றுமில்லாத எதையோ வேட்டி கட்டுகிற மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று. ஓரத்தைச் செருகி, இன்னொரு சுற்று. மேலே ஒன்றுமில்லை. கீழே கால் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் துணி குறைந்தது, ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இடுப்பு ஒரு அடி கிட்டே வந்தது, கிருஷ்ணவேணி பல்லைக் கடித்துக்கொண்டு காயத்தின்மேல் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.