வாசல் இல்லாத சீலிங்

வீட்டில் அறைகள் நான்கு. மண்டபம், இரண்டு படுக்கையறை, குசினி என்று, சீலிங் வேலைக்கு வந்த யோகலிங்கம் தன் கையாலேயே அளந்திருந்தான். அளவுகளை லெப்டொப்பில் ஏற்றி, சுவர்களை எழுப்பி, கூரைச் சட்டங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி முடித்தபோது, வீடு வரையும் அந்தப் புரோகிராம் ஐந்து அறை என்று காட்டியது.

ஐந்தாவதை அழித்தான். திரும்ப வந்தது. மூன்றாம் முறையும் வந்தபோது, "சனியன்" என்று திரையைத் திட்டினான்.

புரோகிராமில் பிழையில்லை. எல்லாப் பக்கமும் அடைபட்ட இடத்தை அது அறை என்றுதான் எடுக்கும். தட்டைச் சீலிங்குக்கும் ஓட்டுக்கும் நடுவில் கிடந்த வெற்றிடம்தான் அந்த ஐந்தாவது அறை. வயர் இழுக்க ஏறுவதற்கு எந்த வீட்டுச் சீலிங்கிலும் ஒரு சின்ன வாசல் விட்டிருப்பார்கள். இங்கே இல்லை.

"மாமா, மேல ஏறுற வாசல் எங்க?"

வீட்டுக்காரர் சோமசேகரம் றேடியோவுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். "அதை அப்பவே அடைச்சிட்டன். எலித் தொல்லை. பழைய பலகையில கை வைக்க வேண்டாம், தம்பி. அதுக்குக் கீழால சாய்வுச் சீலிங்கைப் போடு."

யோகலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டைப் பலகையைக் கழற்றிவிட்டு, கூரைச் சரிவோடு சேர்த்து அறையை உயர்த்தத்தான் சாய்வுச் சீலிங் போடுவார்கள். உள்ளதற்குக் கீழே போட்டால் ஓரத்தில் தலை இடிக்கும். இதை ஒரு தச்சனிடம் சொன்னால் வாய்விட்டுச் சிரிப்பான்.

ஆனால் அந்தக் கோபத்துக்கு வயது பதினேழு. தொண்ணூறாம் ஆண்டு, ஆமியின் சுற்றிவளைப்பு நாளில், அவனுடைய இருபத்தொரு வயது அண்ணன் ஆனந்தராசா வேலி பாய்ந்து ஓடிவந்தது இந்த வீட்டுக்குத்தான். "பின்பக்கத்தால அனுப்பிவிட்டனான், கப்பல்துறைப் பக்கம் போயிருப்பான்" என்றார் சோமசேகரம். அந்தச் சொல்லை நம்பி அம்மா ஏறாத முகாம் வாசல் இல்லை. இந்த வீட்டுக்குள் கால் வைக்க ஒரு சாட்டுக் கிடைத்தது என்றுதான் அவன் இந்த வேலையையே எடுத்தான்.

துறைமுகத்தில் தொம் என்றது. கப்பலுக்கு வெடி வைக்கும் சுழியோடிகள் வராமலிருக்க நேவி தண்ணீருக்குள் போடும் வெடி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து, கடல் காற்றின் உப்பு மணத்தோடு பழைய மரத்தின் புளித்த வாடையும் இறங்கி, சீலிங் இடுக்கிலிருந்து சுண்ணாம்புத் தூள் கீபோர்டில் உதிர்ந்தது. திருகோணமலையில் அந்த வெடிக்கு இப்போது யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

டொக். டொக். டொக்.

இது மேலேயிருந்து வந்தது.

சோமசேகரம் நிமிரவில்லை. அவருடைய கை மட்டும், தானாகவே போவதுபோல், றேடியோவின் திருகியைத் தேடிப் போய்ச் சத்தத்தைக் கூட்டியது.

எலிக்கு எரிச்சல்படுகிறவன் மேலே பார்த்து ஏசுவான். இவர் ஏன் பார்க்கவில்லை?

மறுபடி வெடி. மறுபடி தட்டல். மறுபடி அந்தக் கை.

யோகலிங்கம் திரையைப் பார்த்தான். மண்டபத்துக்கு மேலே, சுவரையும் சுவரையும் பிணைக்கும் தீராந்தி இரண்டு அங்குலம் தாழ்ந்திருப்பதாக அவனே அளந்து எழுதியிருந்தான். கறையான் என்று நினைத்திருந்தான். இப்போது பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தான். பலகைகள் ஐந்தரை அடி நீளத்துக்கு, ஓர் ஆள் படுத்த அளவுக்கு, கீழே தொய்ந்திருந்தன. தலையை நிமிர்த்தினான். தொய்வின் ஓரத்தில், சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில், இரண்டடிச் சதுரப் பலகை. அதில் நூறு ஆணியாவது இருக்கும்.

எலிக்கு நூறு ஆணியா?

"மேல ஆர் மாமா?"

சோமசேகரம் றேடியோவைப் பார்த்தபடியே சொன்னார். "ஆமிக்காரர் வந்து இங்கயே தங்கிட்டாங்கள். பன்னிரண்டு நாள். உன்ர அண்ணனை மேல ஒளிச்சு வைச்சிருந்தனான், அவன் இருமினான். கேட்டா என்னையும் சுட்டிருப்பாங்கள். எலிக்கெண்டு சொல்லி வாசலுக்கு ஆணி அடிச்சனான். றேடியோவைப் போட்டு விட்டனான்."

"பதின்மூண்டாம் நாள் திறந்திருக்கலாமே!"

"ஏலாமப் போச்சு."

"அம்மா உங்கட காலில விழுந்து கேட்டவ. கப்பல்துறை எண்டு சொன்னீங்கள்!"

"எப்பிடிச் சொல்லுவன்? அவன் தட்டுறதை நிப்பாட்டேல்லை, தம்பி. இண்டுவரைக்கும் நிப்பாட்டேல்லை."

கரண்ட் போனது.

றேடியோ செத்தது. மின்விசிறி தளர்ந்து நின்றது. லெப்டொப் மட்டும் பற்றரியில் ஒளிர்ந்தது, ஐந்தாவது அறையைக் காட்டிக்கொண்டு.

டொக். டொக். டொக்.

சோமசேகரத்தின் கை றேடியோவைத் திருகியது. திருகிக்கொண்டே இருந்தது.

யோகலிங்கத்துக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. கிழவரின் நாடியைப் பிடித்து முகத்தை மேலே திருப்பினான்.

"பாருங்கோ. இப்ப பாருங்கோ."

ஓர் ஆணி அசைந்தது. தரையில் விழுந்து உருண்டது.

இன்னொன்று.

பிறகு மழைபோல.

சதுரப் பலகையின் ஒரு விளிம்பு விலகியது. அந்த இடுக்கில் நான்கு விரல்கள் வந்தன. சுண்ணாம்பு படிந்த, நகமில்லாத, சுருக்கம் ஒன்றும் இல்லாத இருபத்தொரு வயது விரல்கள். அவை பலகையைத் தடவித் தடவி, திறப்பதற்கு ஒரு பிடி தேடின.