சாய்ந்து உறைந்த உலோகம்

"இது விண்வெளிக்குப் போகவே இல்லை சார்," என்றார் அந்த விஞ்ஞானி அம்மாள், நாற்காலியில் உட்காரும் முன்பே.

மச்சான் காதைத் தீட்டிக்கொண்டான். அக்கா புருஷனோடு துப்பறியும் தொழிலில் ஒட்டிக்கொண்ட நாளிலிருந்து காணாமற்போன நாய்களைத்தான் அதிகம் தேடியிருக்கிறான். ஊரார் 'நிதானம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்த அத்தானோ டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

அம்மாளின் பின்னால் வந்த அவர் தம்பி, அக்கா கைவைக்க விடாமல் தானே தூக்கி வந்த அலுமினியப் பெட்டியை மேஜைமேல் வைத்தான். உள்ளே கட்டைவிரல் கனத்தில் ஓர் உலோகக் கம்பி.

"ஈயமும் அலுமினியமும். இங்கே சேர்த்து உருக்கினா ஈயம் கனத்துல அடியில போய் உட்கார்ந்துடும். மேலே விண்வெளி ஆய்வு நிலையத்துல எடையே தெரியாது. மேல் எது, கீழ் எதுன்னு உலோகத்துக்கே புரியாது. அதனால ரெண்டும் கலந்தபடியே உறையும். அதைப் பார்க்கத்தான் ஆறு வருஷம் காத்திருந்தேன். வந்ததைப் பாருங்க."

மச்சானுக்கே தெரிந்தது. ஒரு முனை கறுத்த ஈயம், மறுமுனை வெளுத்த அலுமினியம். நடுவே கோடு கிழித்தாற்போல் ஓர் எல்லை. அந்தக் கோடு மட்டும் சாய்வாக ஓடியது.

"எடை?" என்றார் நிதானம்.

"அனுப்பின எடை அப்படியே இருக்கு. அவ்வளவு கவனமா மாத்தியிருக்கான் என் ஜூனியர். இதை வச்சிருந்த அலமாரிச் சாவி என்கிட்டயும் அவன்கிட்டயும்தான் இருக்கு. கட்டுரையில என் பேர் முதல்ல வருதுன்னு அவனுக்குப் புகைச்சல். சாயங்காலம் டைரக்டர்கிட்ட சொல்லப்போறேன், வேலை போயிடும். அதுக்கு முன்னாடி நீங்க உறுதி பண்ணிக் கொடுக்கணும்."

"விமான நிலையத்துலேர்ந்து எடுத்து வந்தது யாரு?"

"நான்தான் சார்," என்றான் தம்பி. "வர நேரமாயிடுச்சு. என் பட்டறையில வச்சிருந்து காலையில கொடுத்தேன்."

"வார்ப்புப் பட்டறை வச்சிருக்கான். இவனை நம்பினா என்னையே நம்பின மாதிரி," என்றார் அக்கா. தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நிதானம் கம்பியை விட்டுவிட்டுப் பெட்டியைத் தடவினார். பழகிக் கறுத்த பெட்டி. ஒரு மூலை மட்டும் பளபளத்தது, பொடிப்பொடியான தட்டல் தழும்புகளோடு.

ஆய்வுக்கூடத்தில் ஜூனியர் கோபமாக இல்லை, களைத்திருந்தான். அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தான். "ஏமாத்தணும்னா நான் இவ்வளவு கேவலமாவா சார் ஏமாத்துவேன்? இங்கே உருக்கினா பிரிஞ்சுடும்னு இந்த லேப்ல பெருக்கறவங்களுக்குக்கூடத் தெரியும்."

"உலையைக் காட்டுங்க."

உலை ஆளுயரத்தில் நின்றது. உலோகத்தைப் போட்டு உருக்கும் குழாயைப் பிடிக்கும் இடுக்கி நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. சாய்க்க வழியே இல்லை.

"இவன்தான் அத்தான், முழியே சரியில்லை," என்று கிசுகிசுத்தான் மச்சான்.

"உன் முழியும்தான் சரியில்லை. அதுக்காக உன்னைப் பிடிச்சுக் கொடுத்துட்டேனா?"

சாயங்காலத்துக்குள் அம்மாளின் அறையில் எல்லோரையும் உட்கார வைத்தார் நிதானம்.

"கம்பியை யாரும் மாத்தலைம்மா. எடைகூட மாறலை, மேலே போய் வந்த அதே உலோகம்தான். இங்கே வந்த பிறகு மறுபடி உருகியிருக்கு. ஆனா உங்க உலையில இல்லை. அதுல ஆறியிருந்தா எல்லை நேரா இருக்கும். உருகின உலோகத்தோட மட்டம், தண்ணி மட்டம் மாதிரி. எப்பவும் படுக்கையாத்தான் நிற்கும். கோடு சாய்ஞ்சிருக்குன்னா, குழாயைச் சாய்ச்சு வச்சு ஆறவிட்டிருக்காங்க. யார் அப்படிச் செய்வாங்க தம்பி?"

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வார்ப்புக்காரங்க. மணல்ல சாய்ச்சு வச்சா உள்ளே இருக்கற காத்தெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கும்."

"பெட்டி மூலையில விழுந்த பள்ளத்தைத் தட்டி நிமிர்த்தினதும் அந்தக் கைதானே?"

தம்பி அக்கா பக்கம் திரும்பினான்.

"வண்டியிலேர்ந்து விழுந்துடுச்சு அக்கா. திறந்து பார்த்தா ரெண்டா உடைஞ்சு கிடந்தது. ஆறு வருஷம்னு நீ சொல்லிச் சொல்லி... உன் முகத்துல எப்படி முழிப்பேன்? உருக்கி ஒட்ட வச்சேன். தங்கத்தை உருக்கினாலும் தங்கம்தானே, இதுவும் அப்படித்தான்னு நினைச்சேன். நீ இவரைச் சந்தேகப்பட்டப்ப வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரலை."

மச்சானுக்கு வீட்டிலிருக்கும் தன் அக்காவின் முகம் கண்ணில் வந்து போனது. இவன் வாய் ஏன் அடைத்துக்கொண்டது என்று யாரும் அவனுக்கு விளக்க வேண்டியதில்லை.

அம்மாள் திட்டவில்லை. கம்பியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"முட்டாப்பயலே, உள்ளே எப்படி உறைஞ்சிருக்குன்னு பார்க்கறதுதான்டா என் வேலை. இதை நானே துண்டு துண்டா அறுத்திருப்பேன். உடைஞ்சதை அப்படியே கொண்டு வந்திருந்தா ஒரு நஷ்டமும் இல்லை."

தம்பி முகத்தை மூடிக்கொண்டான்.

அம்மாள் எழுந்து போய் ஆய்வுக்கூட மேஜையிலிருந்த ஜூனியரின் அடையாள அட்டையை எடுத்து வந்து நீட்டினார். "கேட்காமலே உன்மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சுடுப்பா."

அவன் வாங்கிக்கொண்டான். ஆனால் கழுத்தில் மாட்டவில்லை. சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

கிளம்பும் நேரம். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல் பெட்டியைத் தூக்கக் குனிந்தான்.

"இரு," என்றார் அக்கா, குரலை உயர்த்தாமல். "நானே எடுத்துக்கறேன்."