சேர்வரில் மிஞ்சிய முப்பத்தைந்து

பத்துப் பெடியளும் எழும்பிப் போய், பத்து மெசினும் அணைந்து, ஹெட்போன்கள் எல்லாம் சுவர் ஆணிகளில் தொங்கிய பிறகும், கொம்பியூட்டர் விளையாட்டுக் கடையின் சேர்வர் திரையில் மெமரிக் கணக்கு முப்பத்தைந்து மிஞ்சி நின்றது.

கடைக்காரன் பஸ்ரியன் கதிரையை இழுத்துப்போட்டு இன்னொரு தரம் பார்த்தான். திரைக்குப் பக்கத்தில், கடையில் வேலைசெய்யும் லெட்சுமணன் பென்சிலால் எழுதி ஒட்டிய தாள். விண்டோசுக்கு நூற்றைம்பது. துவக்குச் சண்டை விளையாட்டுக்கு நூறு. அந்த விளையாட்டின் மேல் லெட்சுமணன் தன் கையால் செய்து சேர்த்த ‘மொட்’டுகளுக்கு, புதுப்புதுச் சண்டைக் களங்களுக்கு, அறுபது. ஆக முந்நூற்றுப் பத்து. ஆள் ஒன்று உள்ளே வந்தால் பன்னிரண்டு ஏறும். வெளியே போனால் அந்தப் பன்னிரண்டும் இறங்கவேண்டும். மெசினில் இருக்கும் மெமரி ஐந்நூற்றுப் பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு ஆறு மெசின் இரவல் வாங்கி, கீரி, தாராபுரம் ஊர்களில் இருந்து பதினாறு பேர் வந்தால் ஐந்நூற்றிரண்டு. மட்டுமட்டாகத் தாங்கும். இந்த முப்பத்தைந்தும் சேர்ந்தால் சேர்வர் விழும்.

லெட்சுமணனின் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு வந்து மன்னாரில் மூட்டை தூக்கியவர். மகனும் இரண்டு வருடம் தூக்கிப்போட்டுத்தான் கொம்பியூட்டர் படித்தான். வருடங்கள் போனாலும் பேச்சில் மலைநாடு போகவில்லை.

“அண்ணே, இது மெமரி ஒழுக்கு இல்ல,” என்றான். “ஒழுக்குன்னா ஏறிக்கிட்டே இருக்கும். இது அஞ்சஞ்சா ஏழு தடவ ஏறுச்சு. அப்புறம் நின்னுருச்சு.”

“ஆள் ஒண்டுக்குப் பன்னிரண்டெண்டு நீதானே எழுதினனி. அஞ்சு எண்டால் ஆர்?”

“அதான் தெரியல. அரை ஆளுக்கும் கொறைவு.”

வேறு களங்களைப் போட்டால் கணக்குச் சரியாக வருகிறது, கடற்கரைக் களத்தைப் போட்டால்தான் இப்படி என்று அவன் சொன்னான். அந்தக் கடற்கரை அவன் மூன்று மாதம் இருந்து செய்தது. கீரிக் கரை, அச்சு அசல். பனை, மீன் வாடி, கவிழ்த்துப் போட்ட வள்ளங்கள், காதுக்குள் அலைச் சத்தம். நேவி பாஸ் இல்லாமல் கரையில் கால் வைக்கமுடியாத அந்த இரண்டாயிரத்து ஏழில், பெடியள் ஓடித்திரியக் கிடைத்த ஒரே கடற்கரை அதுதான். அதைக் கழற்றிவிட்டால் ஞாயிறு பிரச்சினை இல்லாமல் முடியும் என்று லெட்சுமணன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“கழட்டேலாது,” என்றான் பஸ்ரியன். “வெளியால இருக்கிறதை அவங்கள் மூடிப்போட்டாங்கள். உள்ளுக்க இருக்கிறதை நான் மூடுறதோ? இன்னொரு மெமரித் தட்டைப் போடுவம்.”

பாலத்துப் பக்கம் ஏதோ வெடித்து, பன்னிரண்டு மணிக்கு ஊரடங்கு என்று ஒலிபெருக்கி கத்திக்கொண்டு போனது. லெட்சுமணன் மேசை லாச்சியை இழுத்துத் தட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினான். ஏறினவன் இறங்கி வந்து, தனியாக அதைப் போட்டுப் பார்க்கவேண்டாம், நாளைக்கு இரண்டு பேருமாகப் பார்ப்போம் என்றான். ஏன் என்று கேட்பதற்குள் சைக்கிளை மிதித்துப் போய்விட்டான்.

பஸ்ரியன் தகரக் கதவை இழுத்து மூடினான். உச்சி வெயில் கதவின் ஆணி ஓட்டைகளால் புகுந்து, கடைக்குள் ஊசி ஊசியாக நின்றது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. சூடேறிய பிளாஸ்டிக்கின் மணம், பெடியள் விட்டுப்போன வியர்வை மணம், அவற்றுக்கு அடியில் எங்கிருந்தோ மெல்ல மெல்லக் கிளம்பி வந்த, வெயிலில் கிடந்து நாறும் கடற்சாதாழைப் பாசியின் மணம். கடையிலிருந்து கடல் கிட்டடியில் இல்லை.

அவனுக்குப் பயம் வந்தது. பயம் வந்ததில் கோபமும் வந்தது.

போன வருடம் ஆனி மாதம், வள்ளம் ஓட்டிய காலத்தில், தலைமன்னாரில் இருந்து இராமேசுவரத்துக்குச் சனம் ஏற்றினான். மணல் தீடைத் திட்டுக்குக் கிட்ட வள்ளம் புரண்டது. ஏற்றினது பதினொன்று, பதினைந்து தாங்கும் வள்ளம், புரட்டினது கடல், பாரம் அல்ல என்று பொலிசில் சொன்னான். பங்குச் சுவாமியாரிடம் சொன்னான். செத்த வீடுகளின் முற்றத்தில் நின்று, தலை குனியாமல் சொன்னான். அந்தச் சொல் ஒன்றில்தான் ஊரில் அவன் நிமிர்ந்து நடந்தான். அது பிழையென்றால் அவன் ஒரு கொலைகாரன். வேறு பேர் இல்லை.

அன்றைக்குப் பிள்ளைகள் இரண்டையும் கடலுக்குக் கொடுத்து, பலகையைப் பிடித்துக்கொண்டு தப்பிய அருளம்மா ஒருநாள் இந்த வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

“தம்பி, என்ர ரெண்டும் உங்கட பதினொண்டுக்குள்ளயோ, வெளியாலயோ?”

“மடிப்பிள்ளையை ஆரம்மா எண்ணுறது? கரை முழுக்க அப்பிடித்தான்.”

அது பொய்யில்லை. வள்ளத்தில் தலை எண்ணும்போது தாயின் மடியில் இருப்பதை யாரும் எண்ணுவதில்லை. அவன் தகப்பனும் எண்ணியதில்லை. இருட்டில், இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஈரச் சேலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றியபோது சேலைகளுக்குள் எத்தனை இருந்தன என்று அவன் பார்க்கவில்லை. அருளம்மா அதைக் கேட்டுத் திரும்பினாள். போய்விட்டாள்.

அஞ்சஞ்சாய் ஏழு. பதினொண்டோட ஏழு சேர்ந்தால் பதினெட்டு.

“சும்மா மெசின்,” என்று வாய்விட்டுச் சொன்னான். சேர்வரின் பக்கத் தகட்டைக் கழற்றி, தட்டைக் காடியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். அது நறுக்கென்று இறங்கியது. இப்போது எழுநூற்று அறுபத்தெட்டு. வேண்டிய இடம். சேர்வரைப் போட்டான். கடற்கரையை ஏற்றினான். மற்ற மெசின் பத்தும் அணைந்தே கிடந்தன.

முந்நூற்றுப் பத்து.

பார்த்துக்கொண்டிருந்தான். காற்றாடி கரகரத்தது. முந்நூற்றுப் பத்தில் இலக்கம் அசையாமல் நிற்க, அவன் பல்லைக் காட்டிச் சிரித்து, நாளையிலிருந்து லெட்சுமணனை வைத்து ஒரு கிழமைக்குப் பகிடி பண்ணலாம் என்று நினைத்த அந்த நேரத்தில், ஆணியில் தொங்கிய ஹெட்போன் ஒன்றிலிருந்து அலைச் சத்தம் வந்தது. அணைந்த மெசினின் ஹெட்போன். பிறகு அடுத்தது. பிறகு பத்தும்.

முந்நூற்றுப் பதினைந்து.

ஆட்களின் பட்டியலைத் திறந்தான். வெறுமை. ஒரு பேரும் இல்லை. பேர் கேட்டு யார் ஏற்றினார்கள்?

இருபது. இருபத்தைந்து.

சாதாழை மணம் தொண்டையில் ஏறியது. கால்விரல்களுக்கிடையில் குளிர்ந்தது. குனிந்து பார்க்கவில்லை.

முப்பது. முப்பத்தைந்து. நாற்பது.

வயரைப் பிடுங்கலாம். கை எட்டும் தூரம்தான். கடற்கரையைக் கழற்றலாம். இரண்டையும் அவன் செய்யவில்லை. பிடுங்கினால் பயந்தவன். கழற்றினால் ஒத்துக்கொண்டவன்.

முந்நூற்று நாற்பத்தைந்து. நின்றது.

“பதினொண்டு,” என்றான் திரையைப் பார்த்து. “நான் ஏத்தினது பதினொண்டு. உங்களை நான் ஏத்தேல்லை. உங்கட தாய்மார் கொண்டு வந்தவை.”

அலைச் சத்தம் அறுந்தது. பத்து ஹெட்போனும் ஒரே நேரத்தில்.

திரையில் இலக்கம் இறங்கியது. முந்நூற்று நாற்பது.

வெற்றி என்று ஒரு கணம் நினைத்தான். ஒரு கணம்தான்.

வலது தொடையில் பாரம் ஏறியது. சின்னப் பாரம். இரண்டு வயது, மூன்று வயது இருக்கும். ஈரத்துணி அவன் உடுத்த சாரத்தில் ஒட்டியது. நாடிக்கு அடியில் நனைந்த தலைமயிர். உப்பு.

முந்நூற்று முப்பத்தைந்து. இடது தொடை.

எழும்பவில்லை. கதிரையின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்தான். இருந்து பார்ப்போம், யார் எழும்புகிறதென்று.

முப்பது. நெஞ்சோடு ஒன்று. கழுத்தைக் கட்டியது.

மூச்சு முட்டியது. சொல்லை விடவில்லை. “பதினொண்டு,” என்றான். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

இருபத்தைந்து.

மடியில் இனி இடமில்லை. திரையில் இன்னும் மூன்று நின்றன. அவன் சட்டையின் நுனியை ஒரு கை கீழேயிருந்து பிடித்தது. பிறகு இன்னொரு கை. சின்ன விரல்கள், தண்ணீரில் ஊறித் தோல் கழன்றவை, பொத்தான் பொத்தானாகப் பற்றி, அவசரம் இல்லாமல், மேலே ஏறத் தொடங்கின.