உள்ளே இருப்பது உட்பட

தன் சொந்த வேனின் கதவைத் திறக்கும் முன் அந்த மனிதர் அதைத் தட்டினார்.

மெதுவாக இரண்டு தட்டு, உள்ளே தூங்குபவரை எழுப்ப மனமில்லாதவர் தட்டுவதுபோல. கொஞ்சம் காத்திருந்தார். அதன் பிறகே பக்கவாட்டுக் கதவை இழுத்துத் திறந்து, "உள்ள வந்து பாருங்கம்மா" என்றார். உள்ளே யாரும் இல்லை. ஒரு சின்ன அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, மடக்கு மேசை, பின்கோடியில் குறுக்காக ஒரு கட்டில், அதன் மேல் சுருண்டு கிடந்த சாம்பல் நிறக் கம்பளி. ஈரத்துணியை வெயில் காட்டாமல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் வரும் வாசனை. பெரியவள் எல்லாவற்றையும் பார்த்தாள். அவர் தட்டியதையும் பார்த்தாள். ஆனால் அதைப் பற்றி யோசிக்க அன்றைக்கு அவள் மனதில் இடமில்லை. அங்கே காலையிலிருந்து கோபம்தான் கால் நீட்டிப் படுத்திருந்தது.

அவளும் தங்கையும் பள்ளிக்கூடங்களுக்குப் போய் வகுப்புப் புகைப்படம் எடுக்கிறவர்கள். ஊர் ஊராகச் சுற்றும் வேலை என்பதால் படுக்கையும் அடுப்பும் வைத்த பழைய கேம்பர் வேன்தான் அவர்களுக்கு வீடு, அலுவலகம், சண்டை போடும் இடம் எல்லாம். சின்னவள் படம் எடுப்பாள். மற்றதெல்லாம் பெரியவள் தலையில். ஓட்டுவது, வேலை பிடிப்பது, கெஞ்சுவது, துவைப்பது, பேனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பது. அன்று காலை அந்த வேன் ஒரு மேட்டில் இருமியது, முனகியது, நின்றுவிட்டது. பெரியவள் முழங்கை வரை கிரீஸ் அப்பிக்கொண்டு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, நெஞ்சின் மேல் நாவலைக் கவிழ்த்து வைத்தபடி கட்டிலில் கிடந்த சின்னவள் கேட்டாள்: "இறங்கித் தள்ளணுமா, டிரைவரம்மா?"

படுத்துக்கொண்டே கேட்டாள்.

சின்னவள் அவளை அக்கா என்று கூப்பிட்டுப் பல வருடங்களாகின்றன. டிரைவரம்மா, மேனேஜர், சிடுமூஞ்சி. அந்தந்த நாளுக்கு எது பொருந்துகிறதோ அது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பள்ளி மண்டபத்தில் இஸ்திரி போட்ட சட்டையும் படிய வாரிய தலையுமாகப் பிள்ளைகள் நின்று நின்று அழ ஆரம்பித்திருந்தார்கள். "இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருக்கலாமே, எல்லாரும் மீசையோட நின்னிருப்பாங்க" என்றார் தலைமை ஆசிரியை. இனிமேல் வரவேண்டாம் என்றும் சொன்னார். அந்தப் பேச்சையும் பெரியவள்தான் நின்று வாங்கிக்கொண்டாள். சின்னவள் வாசலில் ஒரு பூனையைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டபோது அவர் பெருமூச்சு விட்டார். "வைத்தியம் பார்த்தது போதும்மா. அதை நிம்மதியா போக விடுங்க."

அதனால்தான் இந்த மழை மதியத்தில், நீர்த்தேக்கத்துக் கரையில், ஆளில்லாத வண்டி நிறுத்துமிடத்தில், வேனுக்கு வேன் மாற்றிக்கொள்ளலாம் என்று விளம்பரம் போட்டிருந்த ஒரு கணவன் மனைவியின் முன் அவள் நின்றிருந்தாள். அவர்களுடையதும் பழைய வேன்தான். ஆனால் சாவியைத் திருப்பியதும் ஓடியது. டயர்கள் புதிது. எஞ்சின் சத்தம் வயிறு நிறைந்த மாடு அசைபோடுவதுபோல ஒரே சீராக இருந்தது.

"நல்ல வண்டியைக் குடுத்துட்டு இந்த ஓட்டை வண்டியை எதுக்கு வாங்கறாங்க?" என்று சின்னவள் ரகசியமாகக் கேட்டாள். இருவரும் தங்கள் வேனுக்குள் நின்றிருந்தார்கள். கூரையில் மழை பொரிந்தது.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

"அந்தம்மா டீ போட்டாங்கல்ல. நம்ம ரெண்டு பேரு, அவங்க ரெண்டு பேரு. அஞ்சு கப் ஊத்தினாங்க. அஞ்சாவதை அவங்க வேனுக்குள்ள வெச்சுட்டு வந்தாங்க. யாருக்குன்னு கேட்டேன். பழக்கம்னு சொன்னாங்க."

"ஆமா, ஊர்ல ஆயிரம் பேருக்கு ஆயிரம் பழக்கம். வேலைக்குப் போறப்ப தூங்கறது உன் பழக்கம். அது மாதிரி."

"அந்த அம்மா ஒரு தடவைகூட அந்த வேனுக்கு முதுகு காட்டி நிக்கல. கவனிச்சியா?"

"நான் வண்டியோட டயரைக் கவனிச்சேன். யாராவது ஒருத்தர் கவனிக்கணும்ல?"

சின்னவள் கட்டிலில் ஏறி, நீலப் போர்வையை இழுத்துப் போர்த்தி, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "நான் இறங்க மாட்டேன். மாத்தறதா இருந்தா என்னையும் சேர்த்து மாத்து."

வெளியே அந்த மனிதர் குடையோடு காத்திருந்தார். "ஒரே ஒரு விஷயம்மா. நாங்க உள்ளதை உள்ளபடி மாத்திக்கறவங்க. சாவி கை மாறும்போது எது உள்ள இருக்கோ, அது வண்டியோட. அப்புறம் அதைக் கொண்டா, இதைக் கொண்டான்னு ரெண்டு பக்கமும் வரக்கூடாது."

"எங்க சாமானை எல்லாம் இறக்கிடறேன்."

"இறக்குங்க. இறக்காதது எங்களுக்கு."

அவள் இறக்கினாள். தனியாக. கேமராப் பெட்டி, விளக்குகள், பிள்ளைகள் ஏறி நிற்கும் மடக்குப் பலகைகள், துணி மூட்டை, அடுப்புச் சாமான். மழையில் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு அந்த வேனுக்கும் இந்த வேனுக்கும் நடந்தாள். சேறு செருப்பைப் பிடித்து இழுத்தது. ஒவ்வொரு முறை உள்ளே ஏறும்போதும் அந்த நீல முதுகு அசையாமல் கிடந்தது. கடைசிப் பலகை நழுவி அவள் கால் விரலில் விழுந்தது. அப்போதும் அந்த முதுகு திரும்பவில்லை.

"எல்லாம் ஆச்சாம்மா?" என்றார் அந்த மனிதர். "உள்ள இன்னும் ஏதோ இருக்கு போல."

"இருக்கு. ஒண்ணு படுத்துக் கெடக்கு. பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனமில்லாதது. அதையும் சேர்த்தே எடுத்துட்டுப் போங்க."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கண்களை மூடினாள். வெகுதூரம் சுமந்த ஒன்றைக் கீழே இறக்கி வைத்தவள்போல அவள் தோள்கள் தாழ்ந்தன.

"மனசாரத்தான் சொல்றீங்களா?"

"மனசார."

சாவிகள் கை மாறின. அவர் உள்ளங்கை வியர்த்திருந்தது.

பெரியவள் கழிவறைக் கட்டடத்துக்குப் போய் நெடுநேரம் கை கழுவினாள். கிரீஸ் போகவில்லை. கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. திரும்பி வந்தபோது பழைய வேனின் திரைகள் இழுத்து மூடப்பட்டிருந்தன. அந்த அம்மாள் அதன் பக்கவாட்டுக் கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டு முன்னிருக்கைக்கு ஓடினாள். வேன் முதல் திருப்பிலேயே கிளம்பியது. இத்தனை வருடமாகத் தனக்குப் பணியாத வண்டி. அதற்கும் பெரியவளுக்குக் கோபம் வந்தது.

அது இடப்பக்கம் திரும்பி மழைக்குள் மறைந்தது.

புதிய வேனில் ஏறி, பின்பக்கம் தெரியும் உள்கண்ணாடியைச் சரிசெய்தாள். பின்கோடிக் கட்டிலில் சாம்பல் கம்பளிக்குள் ஓர் உடம்பு. சுவர் பக்கம் திரும்பிக் கிடந்தது.

ஆக, இறங்கி வந்திருக்கிறாள். இறங்கி வந்து, அடுத்தவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மறுபடி தூக்கம். ஒரு பெட்டியைத் தூக்கிக் கொடுக்க வராதவள்.

பெரியவள் கதவை அறைந்து சாத்தினாள். வலப்பக்கம் திரும்பினாள்.

சாலை நீர்த்தேக்கத்தை ஒட்டியே போயிற்று. வைப்பர்கள் சளைக்காமல் அடித்தன, மரங்களுக்கு நடுவே சாம்பல் நிறத் தண்ணீர் தோன்றித் தோன்றி மறைந்தது, ஹீட்டரைப் போட்டதும் அந்த ஈரவாசனை தரைவிரிப்பிலிருந்தும் மெத்தையிலிருந்தும் எழுந்து வந்து அவள் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினாள். பிறகு முடியவில்லை.

"அந்த டீச்சர் என்னைப் பேசினப்ப எங்க இருந்தே?"

கியரை மாற்றினாள்.

"பூனையைப் போட்டோ எடுத்துட்டிருந்தே. அந்தப் பூனை காசு குடுக்குமா? அடுத்த வருஷம் நம்மைக் கூப்பிடுமா?"

"ம்" என்றது பின்னாலிருந்து.

"என்ன ம்? வாயைத் திறந்து பேசு. நான் என்ன உனக்கு வேலைக்காரியா? எனக்கும்தான் படுத்துக்கிட்டு நாவல் படிக்கத் தெரியும். தெரியுமா தெரியாதா?"

"ம்."

அவள் கொட்டித் தீர்த்தாள். பல வருடத்துக் கணக்கு. தவறவிட்ட ரயில்கள், தொலைந்துபோன லென்ஸ் மூடிகள், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யார் விழித்திருந்தது, யார் நாற்காலியில் தூங்கியது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அந்த "ம்" வந்தது. பொறுமையாக. இப்படிப் பொறுமையாகச் சின்னவள் எதையும் கேட்டதில்லை. அது இன்னும் எரிச்சலூட்டியது. ஒரு வளைவில் வேண்டுமென்றே வேகமாகத் திருப்பினாள். பெட்டிகள் சரிந்தன. அடுப்புச் சாமான் உருண்டது. கட்டிலில் கிடந்த உடம்பு மட்டும் இம்மியும் நகரவில்லை.

"உன்னால எனக்கு ஒரு நாளாவது..."

"ம்."

அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

கண்ணாடியைப் பார்த்தாள். சாம்பல் முதுகு. மூச்சில் ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். வண்டி ஆட்டத்தில் சரியாகத் தெரியவில்லை. மறுபடி வாயைத் திறந்தாள்.

"ம்."

ஒரு சொல்கூட வரும் முன்.

வைப்பர் அடித்தது. மழை. வைப்பர்.

பிறகு பின்னாலிருந்து, மெதுவாக, தூக்கக் கலக்கத்தில்போல: "அக்கா."

பெரியவளின் அத்தனை கோபமும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எத்தனை வருடம் ஆயிற்று அந்தச் சொல்லைக் கேட்டு. கண்களில் நீர் முட்டியது. சொல்லிவிட வேண்டும், அந்த ஆளிடம் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்று, ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான் என்று. "என்னடி?" என்றாள், குரலை மென்மையாக்கிக்கொண்டு.

அப்போது போன் அடித்தது.

திரையில் 'சின்னது' என்று இருந்தது.

பின்கட்டிலில் இருந்துகொண்டே போன் செய்து விளையாடுகிறாள். இதுவும் அவள் பழக்கம்தான். பெரியவள் சிரிப்பும் அழுகையுமாக எடுத்தாள்.

முதலில் கேட்டது ஓர் இருமல். ஒரு முனகல். மேட்டில் ஏறும் எஞ்சின். உலகத்தில் வேறெந்த எஞ்சினும் அப்படி இருமாது.

"டிரைவரம்மா." சின்னவளின் குரல், பாதித் தூக்கத்தில். "போதும், கோபத்தை விடு. நானும் விட்டுட்டேன். நீ கதவைத் தட்டினப்பவே எனக்குப் போயிடுச்சு. எவ்ளோ மெதுவா தட்டினே. உனக்கு அப்படியெல்லாம் தட்டத் தெரியும்னே எனக்குத் தெரியாது."

பெரியவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"டீ வெச்சுட்டுப் போனதுக்குத் தேங்க்ஸ். குடிச்சதுலேருந்து ஒரே குளிரா இருக்கு. இந்தத் திரையைத் திறக்க வரல. கதவும் வரல. நீ மாத்தலதானே வண்டியை? மாத்தல இல்ல? கொஞ்சம் நிறுத்தேன்." மறுபடி அந்த எஞ்சினின் இருமல். "முன்னாடி உன்கூட யாரு பேசறா?"

தொடர்பு அறுந்தது.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பிரேக்கை மிதித்தாள். வேன் சாலையோரச் சரளையில் இழுபட்டு நின்றது. கதவைத் திறந்துகொண்டு மழையில் விழுந்தாள். எழுந்தாள். ஓடினாள். சாலை இரண்டு பக்கமும் வெறுமையாக இருந்தது. ஒரு விளக்கும் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. போனை அழுத்தினாள். இணைப்பு கிடைக்கவில்லை. மறுபடி. கிடைக்கவில்லை.

அந்த இருமலும் முனகலும் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு நொடியும் இன்னும் கொஞ்சம் தூரம்.

துரத்திப் போக ஒரே ஒரு வண்டிதான் இருந்தது.

திரும்பி நடந்தாள். ஒவ்வோர் அடியாக நடந்தாள். ஓட்டுநர் கதவு சாத்தியிருந்தது. அவள் சாத்தவில்லை. இழுத்தாள். பூட்டியிருந்தது. கண்ணாடி வழியே சாவி தெரிந்தது, எஞ்சின் வயிறு நிறைந்த மாடுபோல ஒரே சீராக அசைபோட்டுக்கொண்டிருந்தது. கல்லைத் தேடினாள். கண்ணாடியை அடித்தாள். கல் தெறித்தது. மறுபடி அடித்தாள். கோபத்தில் கத்தினாள், சொற்கள் இல்லாமல், தன்னைப் பார்த்தா அதைப் பார்த்தா என்று தெரியாமல்.

உள்ளே எதுவும் அசையவில்லை. காத்திருந்தது.

அவளுக்குப் புரிந்தது.

பக்கவாட்டுக் கதவுக்கு வந்தாள். மெதுவாக இரண்டு தட்டு. கொஞ்சம் காத்திருந்தாள்.

"வா, அக்கா" என்றது சின்னவளின் குரல்.

கதவு ஒரு சாண் அளவு நகர்ந்தது. ஈரவாசனை வெளியே வழிந்தது. அந்த இடைவெளியில், இடுப்புயரத்தில், ஒரு கை நீண்டது. வெகுகாலம் தண்ணீரில் ஊறியதுபோல வெளுத்துச் சுருங்கிய விரல்கள். அவற்றில் காலியான ஐந்தாவது டீக் கோப்பை. அதன் கைப்பிடி, வாங்கிக்கொள்ள வசதியாக, அவள் பக்கம் திருப்பி நீட்டப்பட்டிருந்தது.