புதன்கிழமைப் பள்ளம்

கடையைத் திறந்ததும் மேசைக்கு மேலே மூன்று படங்கள் ஒளியில் எழுந்து நின்றன. மூன்றும் வெவ்வேறு இலவச வரைவி மென்பொருள்கள் காட்டியவை. சஞ்சித் அன்றைக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

திருப்பூரில் வரைவி இல்லாமல் மின்வண்டிகளுக்குப் பேட்டரி மாற்றும் கடை நடத்த முடியாது. விற்பனைக் கணக்கைப் படித்து, எந்த நேரத்தில் எத்தனை வண்டிகள் வரும் என்று அது கோடு போட்டுக் காட்டும். கோடு ஏறும் நேரத்துக்கு முன்பே பேட்டரிகளைச் சார்ஜில் போட வேண்டும். பழைய வரைவி அவன் மனைவி மிதுனாவின் குரலுக்கு மட்டும் திறப்பது. மழைக்காலத்தில் அவள் இறந்ததோடு அதுவும் மூடிக்கொண்டது. கணக்கு மட்டும் சஞ்சித்தின் கைக்கு வந்தது.

மிதுனாவின் அண்ணன் தருண் கடையில் பாதிப் பங்குக்காரன். படங்களைச் சுற்றி வந்து பார்த்தான்.

"இந்த நேர்கோடு நல்லாத்தானுங்களே இருக்குது மாப்ள?"

"கணக்குப் பரீட்சை மாதிரி இருக்கு மச்சான். வாராவாரம் நாமே எல்லாத்தையும் ஏத்தணும்."

"அப்ப இந்தப் பூங்கொத்து? கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குது."

"இலவசமா வேணும்னா நம்ம கணக்கை ஊரே பார்க்கலாமாம். கீழே பொடி எழுத்துல போட்டிருக்கு."

"பாக்கட்டுமே. எதிர்க்கடைக்காரன் நம்ம வியாபாரத்தைப் பாத்தா, பாவப்பட்டு நாலு வண்டியை இந்தப் பக்கம் அனுப்புவான்."

சஞ்சித் சிரிக்க முயன்றான். வரவில்லை.

மூன்றாவதன் பெயர் கண்ணோட்டம். கணக்கை வெளியே விடாது. விளம்பரம் கிடையாது. ஒரே ஒரு அனுமதி கேட்டது. பார்ப்பவரின் கண்ணை அது பார்க்க வேண்டும். கண் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தை நன்றாக வரையும். அப்படிக் கற்றுக்கொண்டதை மற்றவர்களின் படங்களிலும் பயன்படுத்தும்.

சரி என்றான் சஞ்சித்.

மிதுனா இருந்த காலத்தின் கோடு மெல்ல விரிந்தது. நீல ஒளி. ஏற்றம், இறக்கம், ஏற்றம். புதன்கிழமை மதியத்தில் மட்டும் கோடு அறுந்து தரைக்கு விழுந்து, மறுபடி எழுந்தது. எல்லா வாரமும் அப்படித்தான்.

அந்த நேரத்தில் மிதுனா ஷட்டரை இறக்கிவிடுவாள். பேட்டரி அடுக்குகளுக்கு நடுவே இரண்டு பேரும் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவார்கள். சாப்பிட்ட கையைக் கழுவாமலே அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போவாள். யாராவது ஷட்டரைத் தட்டினால், சிரித்துவிடாமல் இருக்க அவன் வாயைத் தன் கையால் பொத்துவாள்.

அவளுடைய புகைப்படங்களை அவனால் பார்க்க முடிவதில்லை. இந்தப் பள்ளத்தைப் பார்க்க முடிந்தது. தினமும் பார்த்தான்.

அவள் போனபிறகு புதன்கிழமைகளில் கடை திறந்துதான் இருந்தது. வண்டிகளும் வந்தன. ஆனாலும் வரப்போகும் வாரங்களின் கோட்டில் கண்ணோட்டம் அதே பள்ளத்தை வரைந்தது. தவறு என்று சஞ்சித்துக்குத் தெரியும். தெரிந்தே, அந்த நேரத்துக்குப் பேட்டரிகளைச் சார்ஜில் போடாமல் விட்டான். வந்தவர்கள் திட்டிவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த புதன்கிழமை ஷட்டரையே இறக்கினான்.

ஒருநாள் பக்கத்து டீக்கடை ஷர்மிளாக்கா கேட்டாள்.

"ஏந்தம்பி, நீயும் கண்ணோட்டந்தானே வெச்சிருக்கிற? உனக்கும் புதன் மதியம் பள்ளம் காட்டுதா?"

"உங்களுக்குமா அக்கா?"

"எனக்கு, தையல்நூல் கடைக்கு, மருந்துக்கடைக்கு, எல்லாத்துக்குந்தான். என்னமோ தெரியல, கண்ணு அங்கயே போய் நிக்குது. யாரும் வரமாட்டாங்கன்னா பால் எதுக்குக் காய்ச்சணும்? நானும் சாத்திட்டுப் படுத்துக்கறேன்."

சஞ்சித்துக்குப் புரிந்தது. அவன் கண் எங்கே நின்றது என்பதைக் கற்றுக்கொண்டு, வரைவி அதைத் தெருவுக்கே கொடுத்திருந்தது.

தருணுக்கும் விஷயம் எட்டியது. அடுத்த புதன்கிழமை காலையிலேயே வந்துவிட்டான்.

"இது கணக்கைப் பாத்து வரையலீங்க மாப்ள. உங்க கண்ணைப் பாத்து வரையுது. தூக்கிடலாம்."

"இருக்கட்டும் மச்சான்."

"கடை முங்கிப் போகுமுங்க."

"அந்த ஒரு இடம் மட்டும் இருக்கட்டும்."

தருண் படத்தைப் பார்த்தான். பள்ளம் எந்த நாளில், எந்த நேரத்தில் விழுகிறது என்று பார்த்தான். அந்த நேரத்தில் போன் செய்தால் தங்கை எடுக்கவே மாட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு கண்ணோட்டத்தை அவனே அழித்தான்.

"அவ என் தங்கச்சியுந்தானுங்க" என்றான்.

நேர்கோட்டை ஏற்றினார்கள். அது யார் கண்ணையும் பார்க்காது. கடைக் கணக்கையும், தெருமுனைக் கருவி எண்ணி வைத்திருந்த வண்டிகளையும் மட்டும் படித்தது. நேரம் எடுத்துக்கொண்டது. கறுப்பில் ஒரு மெல்லிய கோடு, அழகே இல்லாமல் நீண்டது. ஏற்றம், இறக்கம், ஏற்றம். புதன்கிழமை மதியம் தரைக்கு விழுந்தது.

"இதுவுமா?" என்றான் தருண்.

"இது பொய் சொல்லல மச்சான். தெருவே சாத்திக் கிடந்தா யாரு வருவா?"

மதியம் ஆனது. வெளியே ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தம் கேட்டது. டீக்கடை, நூல்கடை, மருந்துக்கடை. சஞ்சித்தும் இறக்கினான். இருவரும் அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். அவள் சாயும் பக்கத்தில் சஞ்சித் இடம் விட்டிருந்தான். தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, சார்ஜ் செத்த வண்டியை யாரோ தள்ளிக்கொண்டு வரும் ஓசை. ஒவ்வொரு கடையாக நின்று நின்று வந்தது. பிறகு இவர்கள் ஷட்டரில் தட்டல்.

"ஏனுங், உள்ள ஆள் இருக்கீங்களா? ஒரு பேட்டரி வேணுமுங்க." ஒரு பெண்ணின் குரல்.

தருண் எழப்போனான். சஞ்சித் தன் கையால் அவன் வாயைப் பொத்தினான்.

மறுபடியும் தட்டல். பிறகு வண்டியைத் தள்ளும் ஓசை மெல்ல மெல்லத் தூரமாகி ஓய்ந்தது.

மேசைக்கு மேலே நேர்கோடு அந்த நேரத்துக்கும் பூஜ்யம் போட்டது.